பீட்ரூட்டைத் திட்டிய மூன்று வாரம்

போன ஞாயிறு காலை பத்தேகால் மணிக்கு எங்கள் வீட்டு மூன்று கால் சந்தகை மிஷினிலிருந்து ரோஸ் நிறத்தில் நூல் இறங்கியது. கைப்பிடியைச் சுற்றிக்கொண்டிருந்த மச்சான் கையை நிறுத்திவிட்டு, "வந்திருச்சுங்க மாப்ள" என்றார். அதற்கு மூன்று வாரம் பிடித்தது. ஏறக்குறைய ஆறு கிலோ அரிசியும் கால் கிலோ நாவல் பழமும் அதில் போயின. எங்கே கோட்டை விட்டேன் என்பதை மறப்பதற்குள் எழுதி வைக்கிறேன்.

அக்கா மகளுக்கு ஏழாவது பிறந்தநாள். கேக் வேண்டாம், வானவில் மாதிரி சந்தகை வேண்டும் என்று கேட்டுவிட்டாள். அக்கா போட்ட நிபந்தனை ஒன்றுதான்: கலர் பொடி ஒரு சிட்டிகைகூடச் சேரக் கூடாது, எல்லாம் காய், கீரை, பூவிலிருந்து வர வேண்டும். நான் திருப்பூரில் ஒரு சாயப்பட்டறை லேபில் 11 வருஷமாக இருக்கிறேன். பஞ்சு நூலில் எந்த ஷேடு கேட்டாலும் பிடித்துக் கொடுப்பதுதான் பிழைப்பு. "இதென்ன பெரிய வேலை, விடு" என்று வாக்குக் கொடுத்துவிட்டேன்.

கொங்குப் பக்கம் அல்லாதவர்களுக்கு ஒரு வார்த்தை. சந்தகை பார்க்க இடியாப்பம் மாதிரி இருக்கும், செய்முறை வேறு. இட்லி அரிசியை நாலு மணி நேரம் ஊறவைத்து, உப்புப் போட்டு நைசாக ஆட்டி, புளிக்க விடாமல் அப்படியே இட்லித் தட்டில் ஊற்றி வேகவைக்க வேண்டும். வெந்த இட்லியைச் சூடு ஆறும் முன் மிஷினில் போட்டுப் பிழிந்தால் நூலாக வரும். ஆறிவிட்டால் கைப்பிடி நகராது. அப்படியென்றால் சாயத்தை மாவிலேயே கலந்தாக வேண்டும், அது கால் மணி நேரம் ஆவியில் நின்று தாங்கவும் வேண்டும்.

முதல் ஞாயிறு நாலு நிறம் முயன்றேன். ரோஸுக்குப் பீட்ரூட், நீலத்துக்குச் சங்குப்பூ, பச்சைக்குப் பாலக்கீரை, மஞ்சளுக்கு மஞ்சள்தூள். ஒவ்வொன்றுக்கும் 300 கிராம் அரிசி.

அந்த வாரம் ஆத்துத் தண்ணி வரவில்லை. எங்கள் பக்கம் குடிக்கவும் சமைக்கவும் மேட்டுப்பாளையத்திலிருந்து வரும் பவானித் தண்ணிதான். மற்ற எல்லாவற்றுக்கும் போர் தண்ணி, அதாவது உப்புத் தண்ணி. எங்கேயோ குழாய் உடைந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. அம்மா மிச்சமிருந்த நாலு குடத்தைக் காவல் காத்துக்கொண்டிருந்தார். நான் போர் தண்ணியைப் பிடித்து அடுப்பில் வைத்தேன். சாயம் எடுக்கத்தானே, யார் குடிக்கப் போகிறார்கள்? அம்மா சமையலறை வாசலில் நின்று, "உப்புத் தண்ணியில பருப்பே வேகாது கண்ணு, இதுல நீ என்னத்தப் பண்ணப் போற" என்றார். அது பருப்பைப் பற்றிய பேச்சு என்று நினைத்துக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

பீட்ரூட் 250 கிராமைத் துண்டு போட்டு 20 நிமிடம் கொதிக்கவைத்து அரைத்து வடிகட்டினேன். சங்குப்பூ வேலியிலேயே இருக்கிறது. 40 பூ பறித்துக் கொதிக்கும் தண்ணியில் போட்டேன். அது நீலமாக இறங்காமல் மயில்கழுத்து நிறத்தில் இறங்கியது. அழகாகத்தான் இருந்தது, ஆனால் கேட்டது அதுவல்ல. பூவோடு சேர்ந்த பச்சைப் புல்லிதான் காரணம் என்று நினைத்து, புல்லியைக் கிள்ளிவிட்டு இன்னொரு 40 பூ போட்டேன். மயில்கழுத்து கொஞ்சம் தெளிந்ததே தவிர நீலமாகவில்லை.

மாவாக இருக்கும்போது பீட்ரூட் நல்ல ராணிக்கலர். இட்லிச் சட்டியைத் திறந்தபோது ராணியைக் காணோம். மேலே காவி, உள்ளே பிட்டுப் பார்த்தால் பழுத்த இலையின் நிறம். சங்குப்பூ மாவு சாம்பல் கலந்த பச்சையாகிவிட்டது. மஞ்சளில் செங்காவி ஓடியிருந்தது. பாப்பா தட்டை எட்டிப் பார்த்துவிட்டு, "மாமா, இது காரச்சேவு கலரு" என்றாள். உடைத்துச் சொல்வதில் அவள் எங்கள் குவாலிட்டி மேனேஜருக்கு மேல்.

பாலக் மட்டும் பிரமாதம். தென்னங்கீற்றுப் பச்சை, வெந்த பிறகும் அப்படியே நின்றது. அதைப் பார்த்து நான் எடுத்த முடிவு: கீரை கெட்டிச் சாயம், மற்றவை ஓட்டைச் சாயம். இந்த முடிவுதான் அடுத்த ஒரு வாரத்தைக் கெடுத்தது. நாலு பாத்திரத்துக்கும் பொதுவாக இருந்தது எது என்று யோசித்திருந்தால் அன்றைக்கே விடிந்திருக்கும்.

வாரத்தின் நடுவில் ஒரு சாயங்காலம் பீட்ரூட்டை மட்டும் மறுபடி எடுத்தேன். சந்தையில் கிலோ 40 ரூபாய்க்கு வாங்கியதை விட்டுவிட்டு, ஊட்டிப் பீட்ரூட் என்று சொல்லி 60 ரூபாய்க்குத் தந்ததை வாங்கினேன். வெட்டினால் பலகையே சிவந்தது. மாவு இன்னும் அடர்த்தி. வெந்ததும் அதே காவி, இன்னும் அடர்த்தியான காவி. 20 ரூபாய் கூடக் கொடுத்து வாங்கியது அதுதான்.

சரி, சூடுதான் எதிரி என்று அடுத்துத் தோன்றியது. இது பாதி உண்மை. பீட்ரூட்டின் சிவப்பு பெட்டாலெயின் என்னும் குடும்பத்தைச் சேர்ந்தது. அதில் முக்கியமானது பெட்டானின். சூடு, வெளிச்சம், காற்று மூன்றும் அதற்கு ஆகாது. கொதிக்கக் கொதிக்க மூலக்கூறு இரண்டாகப் பிரிந்து சிவப்பு போய், மஞ்சளும் பழுப்பும் மிஞ்சும். நான் முதலில் 20 நிமிடம் கொதிக்கவைத்து, மிக்ஸியில் காற்று ஏற அரைத்து, மறுபடி 15 நிமிடம் ஆவியில் நிறுத்தியிருக்கிறேன். அடித்துத் துவைத்துக் காயப்போட்டுவிட்டு ஏன் வெளுத்தாய் என்று கேட்டது போல. ஆக, கொதிக்கவைப்பதை நிறுத்தினேன். பச்சைப் பீட்ரூட்டைத் துருவி, வேட்டித் துணியில் கட்டிப் பிழிந்தேன். 300 கிராமுக்கு 120 மில்லி சாறு வந்தது. இட்லிக் குழியில் பாதி அளவுதான் ஊற்றினேன். மெல்லிசாக இருந்ததால் 8 நிமிடத்தில் வெந்துவிட்டது. காவிக்குப் பதில் வெங்காயத்தோல் நிறம் வந்தது. முன்னேற்றம்தான், ஆனால் பிறந்தநாளுக்கு வெங்காயத்தோல் ஆகாது.

இதற்கிடையில் கத்திரிப்பூ நிறத்துக்காக நாவல் பழம் வாங்கினேன். ஜூலை என்பதால் தள்ளுவண்டியில் கிடைத்தது, கால் கிலோ 60 ரூபாய். சதையை விடத் தோலில்தான் சாயம் அதிகம் என்பதால் தோலோடு பிசைந்து, கைக்கு வந்த இரும்பு வாணலியில் சூடுபடுத்தினேன். ஐந்தே நிமிடத்தில் பேனா மை ஆகிவிட்டது. நானே சிரித்துக்கொண்டேன். கடுக்காய்ச் சாற்றோடு துருவேறிய இரும்புக் கரைசல் சேர்ந்தால் கருப்பு வரும் என்பது பழைய துணிச்சாயக்காரர்களின் பாலபாடம். கலம்காரியின் கருங்கோடு அப்படி வருவதுதான். நாவலில் துவர்ப்பு நிறைய, வாணலியில் இரும்பு நிறைய. மையைச் சாக்கடையில் கொட்டினேன். எவர்சில்வரில் மறுபடி செய்திருக்கலாம், ஆனால் துவர்ப்பு சந்தகைக்கு ஒத்துவராது என்று நாவலையே விட்டுவிட்டேன். மிச்சப் பழத்தைத் தின்று நாக்கை நீட்டிக் காட்டியது பாப்பாவுக்கு அன்றைய லாபம்.

இரண்டாம் ஞாயிறு எலுமிச்சை. ஒரு பழத்தைப் பிழிந்து எல்லாப் பாத்திரத்திலும் ஒவ்வொரு ஸ்பூன் ஊற்றினேன். ஏன் எல்லாவற்றிலும் என்று கேட்டால் பதில் இல்லை. வேலை செய்கிறதா பார்ப்போம் என்ற அலுப்புத்தான். பீட்ரூட் வெந்த பிறகும் ரோஸாக நின்றது! சங்குப்பூத் தண்ணி என் கண்முன்னே மயில்கழுத்திலிருந்து நீலத்துக்கும், நீலத்திலிருந்து கத்திரிப்பூவுக்கும் போனது. மஞ்சள் பழையபடி மஞ்சளாயிற்று. கீரை செத்தது. பட்டாளத்துக்காரர் பழைய சட்டை நிறம். போன வாரம் கெட்டிச் சாயம் என்று நான் மெச்சிய அதே பாலக்.

மூன்று பிழைத்து ஒன்று செத்தால், அதற்கு முந்தின வாரம் மூன்று செத்து அதே ஒன்று பிழைத்தால், இரண்டுக்கும் நடுவில் எது மாறியது என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எனக்குத் திங்கள்கிழமைதான் தெரிந்தது. லேபில் முதல் வேலை பதிவேட்டைத் திறப்பது. முதல் கட்டம் துணி இல்லை, சாயம் இல்லை. தண்ணி. கடினத்தன்மை எவ்வளவு (கரைந்திருக்கும் கால்சியம், மெக்னீசியம்), பி.எச். எவ்வளவு (ஏழுக்குக் கீழே புளிப்பு, மேலே சுண்ணாம்பு, சோடா மாதிரிக் காரம்). அது இல்லாமல் ஒரு கிராம் சாயம்கூட எடைத் தட்டில் ஏறாது. 11 வருஷமாகத் தினமும் அந்தக் கட்டத்தை நிரப்புகிறேன். வீட்டில் அந்தக் கட்டமே இல்லாமல் இரண்டு வாரம் சாயம் போட்டிருக்கிறேன்.

இன்னொன்றும் சேர்ந்து என்னை ஏமாற்றியது. பருத்தியில் ரியாக்டிவ் சாயம் ஒட்டுவதற்குச் சோடா ஆஷ் என்ற காரப் பொடியைப் போட்டு பி.எச். 11 பக்கம் கொண்டுபோவோம். காரம் என்றால் சாயத்துக்கு நண்பன் என்பது கையில் ஊறிய பழக்கம். காய்கறிச் சாயத்தில் பெரும்பாலானவற்றுக்கு அது நேர் எதிரி.

மறுநாள் போர் தண்ணி ஒரு பாட்டில், ஆத்துத் தண்ணி ஒரு பாட்டில் எடுத்துப் போனேன். குடுவையில் தண்ணி ஊற்றி, நிறம் மாறிக் காட்டும் மருந்தைப் போட்டால் ஒயின் சிவப்பாகும். மேலே இருந்து ஈ.டி.டி.ஏ. கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட, கால்சியமும் மெக்னீசியமும் தீர்ந்த நொடியில் சட்டென்று நீலமாகும். ஆத்துத் தண்ணி சீக்கிரமே நீலமாகிவிட்டது. போர் தண்ணிக்கு விட்டேன், விட்டேன், விட்டுக்கொண்டே இருந்தேன். கடைசியில் கணக்குப் போட்டால் கடினத்தன்மை லிட்டருக்கு 620 மில்லிகிராம். ஆத்துத் தண்ணி 70. பி.எச். பேப்பரில் போர் தண்ணி பச்சையாக இருக்கும்போது ஏழரைதான். பத்து நிமிடம் கொதிக்கவைத்து ஆறிய பிறகு எட்டரையைத் தாண்டிவிட்டது. அதில் கரைந்திருக்கும் பைகார்பனேட்டிலிருந்து கரியமில வாயு கொதியில் பறந்துபோய்க் காரம் ஏறிக்கொள்கிறது. வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அது இதே சங்கதியின் எச்சம். சாயத்தை நான் தண்ணியில் எடுக்கவில்லை, நீர்த்த சுண்ணாம்புத் தெளிவில் எடுத்திருக்கிறேன் என்று சொன்னால் கொஞ்சம்தான் மிகை.

ஆரத்திக்கு மஞ்சள் தண்ணியில் சுண்ணாம்பு போட்டதும் சிவக்கிறதே, என் மஞ்சள் சந்தகையில் ஓடிய செங்காவி அதன் சின்னத் தம்பி. அம்மாவிடம் சொன்னேன். "நான் அன்னைக்கே சொன்னேன்" என்று அவர் சொல்லவில்லை; பருப்பு டப்பாவை எடுத்து அலமாரியில் சத்தமாக வைத்தார்.

கீரை மட்டும் ஏன் எதிர்ப்பக்கம் நின்றது? அதன் பச்சை, குளோரோஃபில். நடுவில் ஒரு மெக்னீசியம் உட்கார்ந்திருக்கிறது. புளிப்பு பட்டால், அதுவும் சூட்டோடு பட்டால், மெக்னீசியம் எழுந்து போய்விடும். ஆலிவ் பழுப்பு வரும். காரத்தில் அது அசையாது. அம்மா கீரையை மூடி வேகவைக்கவே மாட்டார். கீரையிலிருந்தே கொஞ்சம் அமிலம் ஆவியாக வெளியே வரும், மூடியிருந்தால் அது திரும்பக் கீரையிலேயே சொட்டும். கேட்டால் "மூடினா கறுத்துப் போகும்" என்பார், அவ்வளவுதான். பக்கத்து வீட்டு அக்கா, ஈயம் பூசாத செம்புச் சட்டியில் போடு, பச்சை நிற்கும் என்றார். நிற்கும்தான், மெக்னீசியம் விட்டுப்போன நாற்காலியில் செம்பு ஏறி உட்காரும். குழந்தைகள் வயிற்றுக்குள் செம்பு போக வேண்டாம் என்று நன்றி சொல்லி வந்துவிட்டேன். ஆப்பசோடா ஒரு சிட்டிகை போட்டுப் பார்த்தேன்: நிறம் அற்புதம், கீரை கொழகொழவென்று ஆகி சோப்பு வாசம் அடித்தது.

இந்தப் பச்சையைப் பற்றிப் பாப்பாவுக்கு ஒரு வேடிக்கை காட்டினேன். பாலக்கை நெயில் பாலிஷ் ரிமூவரில் கசக்கி, அடர்பச்சைச் சாற்றில் ஒரு சாக்பீஸை நிமிர்த்தி வைத்தோம். பத்து நிமிடத்தில் சாறு மேலே ஏறி, கீழே பச்சைப் பட்டையும் அதற்கு மேலே மஞ்சள் பட்டையுமாகப் பிரிந்தது. 1900-களின் தொடக்கத்தில் மிகயில் ஸ்வெட் என்ற ரஷ்யத் தாவரவியலாளர் வார்சாவில் இருந்தபோது சுண்ணாம்புத்தூள் அடைத்த கண்ணாடிக் குழாயில் இலைச்சாற்றை ஊற்றிப் பிரித்தது இதே யோசனைதான். அவர் வைத்த குரோமட்டோகிராபி என்ற பெயர் எங்கள் லேப் வரைக்கும் வந்திருக்கிறது. கீரைக்குள் எப்போதும் மஞ்சள் ஒளிந்திருக்கிறது, பச்சை போனால் அது தெரிகிறது. பாப்பா அந்த சாக்பீஸைப் பள்ளிக்கு எடுத்துப்போய்த் தொலைத்துவிட்டாள்.

மூன்றாம் வாரம் பவானித் தண்ணி வந்தது. பிறகு எல்லாம் சரசரவென்று நடந்தது. 500 கிராம் அரிசிக்கு நான் கடைசியாக நிறுத்திய அளவுகள் இவை.

ரோஸ்: 300 கிராம் பச்சைப் பீட்ரூட்டைத் துருவிப் பிழிந்த சாறு, அதில் ஒரு டீஸ்பூன் எலுமிச்சை. பேப்பரில் ஐந்து காட்டியது. பெட்டானினுக்கு அது சௌகரியமான இடம். அரிசியைக் கெட்டியாக ஆட்டிவைத்துக்கொண்டு, சாற்றை அடுப்பில் ஏற்றுவதற்குச் சற்று முன்புதான் கலக்க வேண்டும். பாதிக் குழி, 8 நிமிடம், அதற்கு மேல் ஒரு நிமிடமும் வேண்டாம். மாவில் இருக்கும் அடர்த்தியில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும் என்று வைத்துக்கொண்டு முன்கூட்டியே அடர்த்தியாகக் கலக்கவும்.

நீலம்: 50 பூ, புல்லி கிள்ளியது. 200 மில்லி ஆத்துத் தண்ணியைக் கொதிக்கவைத்து இறக்கி, பூவைப் போட்டுப் பத்து நிமிடம். இங்க் பாட்டில் நீலம். சங்குப்பூவின் நீலச் சாயமான ஆந்தோசயனின் முரட்டுச் சாதி, ஆவியில் அசையவே இல்லை. நாவல் தோலிலும் கத்திரிக்காய்த் தோலிலும் ஊதா முட்டைக்கோஸிலும் இருப்பது இதே குடும்பம்தான். பீட்ரூட் வேறு குடும்பம். பெட்டாலெயின் உள்ள செடியில் ஆந்தோசயனின் இருக்காது, இது இருந்தால் அது இருக்காது. ஒரே உறையில் இரண்டு கத்தி வைப்பதில்லை போலும்.

கத்திரிப்பூ: அதே நீலத் தண்ணியில் இரண்டரை டீஸ்பூன் எலுமிச்சை. முதலில் ஒரு ஸ்பூன் விட்டேன், தண்ணி ஊதாவானது, மாவில் கலந்ததும் மறுபடி நீலத்துக்குத் திரும்பியது. மாவு புளிப்பைக் கொஞ்சம் விழுங்கிக்கொள்கிறது. ஆகவே தண்ணியைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், ஒரு கரண்டி மாவில் கலந்து பார்த்து விடுங்கள்.

ஆரஞ்சு: மஞ்சள்தூளைக் கைவிட்டேன், வாசம் தேங்காய்ப்பாலோடு சண்டை போடுகிறது. கேரட்டை அரைத்துத் தண்ணியில் கரைத்தால் வெளிறிய பாதாம்பால் நிறம்தான் வரும், ஏனென்றால் கரோட்டின் தண்ணியில் கரையாது. 200 கிராம் துருவலை நாலு மேசைக்கரண்டி தேங்காய் எண்ணெயில் சிறு தீயில் பன்னிரண்டு நிமிடம் வதக்கினேன். ஐந்தாம் நிமிடத்திலிருந்து துருவல் வெளுத்துக்கொண்டே வர, எண்ணெய் சிவந்துகொண்டே வந்தது. வடித்தால் செவ்விளநீர்க் காயின் தோல் நிறம். எப்படியும் சந்தகைக்கு எண்ணெய் தடவத்தானே போகிறோம். மூன்று கரண்டியை மாவிலேயே ஊற்றிவிட்டேன். இருப்பதிலேயே சொன்ன பேச்சைக் கேட்டது இதுதான்.

பச்சை: இதற்கு மட்டும் பழைய போர் தண்ணி. நன்றாகக் கொதித்த தண்ணியில் ஒரு கட்டுப் பாலக்கை மூடாமல் ஒரு நிமிடம், உடனே குளிர்ந்த தண்ணியில், பிழிந்து அரைப்பு. மூன்று கெடுத்த தண்ணி ஒன்றுக்கு உதவியது.

பிறந்தநாள் அன்று இரண்டரைக் கிலோ அரிசி, முப்பது பிள்ளைகள். இந்தத் தடவை பட்டறைப் பழக்கத்தை மறக்கவில்லை: வெளிர் ஷேடு முதலில், அடர் ஷேடு பிறகு. வெள்ளை, ஆரஞ்சு, ரோஸ், கத்திரிப்பூ, நீலம், கடைசியில் பச்சை என்று பிழிந்தால் நடுவில் மிஷினைக் கழுவ வேண்டியதில்லை. முதல் இரண்டு இட்லிக்கு நூல் கலப்படமாக வரும், அதை மச்சான் அங்கேயே சர்க்கரை போட்டுத் தீர்த்துவிட்டார். முதல் வாரம் நீலத்துக்குப் பிறகு மஞ்சளைப் பிழிந்து பாசிக்குட்டையைத் தட்டில் வைத்திருந்தேன், அது தனிக் கதை.

நீலச் சந்தகையில் தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் விட்டால் நீலமாகவே இருக்கிறது. பிள்ளைகளுக்கு ஆளுக்கு அரை மூடி எலுமிச்சை கொடுத்து, அதையே பிழியச் சொன்னேன். பட்ட இடம் எல்லாம் நூல் நூலாகக் கத்திரிப்பூவானது. ஒரு பையன் தட்டைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு தெருவுக்கே ஓடிவிட்டான். எங்கள் பெரியப்பா ஒருவர் ஓரமாகக் கூப்பிட்டு, "பட்டறைச் சாயத்தக் கலந்துட்டியா சாமி?" என்று மெதுவாகக் கேட்டார். அவர் எதிரிலேயே ஒரு பீட்ரூட்டைத் துருவிப் பிழிந்து காட்டிய பிறகுதான் தட்டை வாங்கினார். அப்போதும் வெள்ளைச் சந்தகைதான் கேட்டார்.

சறுக்கியவை இரண்டு. ரோஸ் தட்டை ஜன்னல் ஓரம் வைத்துவிட்டேன். இரண்டு மணி நேரத்தில் வெயில் பட்ட பாதி வெளுத்துவிட்டது, தட்டைத் திருப்பினால் கோடு போட்ட மாதிரி தெரிந்தது. பச்சையை ஹாட் பாக்ஸில் மூடி வைத்தேன். திறந்தபோது பட்டாளச் சட்டை. கீரையை மூடக் கூடாது என்பது அடுப்புக்கு மட்டும் சொன்னதல்ல.

செலவு: அரிசி 270, பீட்ரூட் 110, கேரட் 60, கீரை நாலு கட்டு 60, எலுமிச்சை 60, நாவல் 60, தேங்காய் எண்ணெய் 80, பி.எச். பேப்பர் ஒரு புத்தகம் 60. மொத்தம் 760 ரூபாய். சங்குப்பூ வேலியிலிருந்து வந்ததால் கணக்கில் இல்லை. தராசு, துணி, மிஷின் வீட்டில் இருந்தவை. பி.எச். பேப்பரை முதல் நாளே வாங்கியிருந்தால் 400 ரூபாயில் முடிந்திருக்கும்.

அடுத்த முறை பச்சையைப் பிழிந்ததும் மூடாமல், சூடாகவே திறந்த தட்டில் வைப்பேன். ரோஸுக்குப் பீட்ரூட்டை மட்டும் நம்பாமல் கொடிப்பசலைப் பழத்தையும் பார்க்க வேண்டும். கறுத்த சின்னப் பழம், நசுக்கினால் ராணிக்கலர் வழிகிறது. அதுவும் பெட்டாலெயின் சாதிதான் என்பதால் ஆவியில் இதே வம்பு இருக்கும். ஆனால் பீட்ரூட்டின் மண் வாசம் இருக்காது. கொடி ஒன்று அவரைப் பந்தலில் ஏறிக்கொண்டிருக்கிறது.

வடிகட்டிய வேட்டித் துணியை அம்மா போர் தண்ணியில் நனைத்து பார் சோப்பு போட்டார். பீட்ரூட் கறை தண்ணி பட்டதும் போய்விட்டது. எலுமிச்சை விட்ட கத்திரிப்பூக் கறை சோப்பு பட்டதும் பச்சையாகியது. முதல் வாரத்து மஞ்சள் கறை இரத்தச் சிவப்பாகி அம்மாவையே ஒரு நொடி பயமுறுத்தியது. அலசியதும் மஞ்சளாகி, கொடியில் இரண்டு நாள் வெயிலில் கிடந்து காணாமல் போனது. கேரட் எண்ணெய் பட்ட இடம் மட்டும் எட்டணா அளவு வட்டமாக இன்னும் இருக்கிறது.